ஏழாவது தோட்டா: அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் கற்ற பாடம்



ஒரு கருவி நல்லதா இல்லையா என்பதை எப்போது அறிகிறோம்? கடையில் வாங்கும்போது அன்று. கையில் எடுத்து வேலை செய்யும்போதுதான். புது மண்வெட்டியின் காம்பு முதல் நாளே கழன்றால் நமக்கு அரை நாள் வேலை கெடும். சைக்கிளின் சங்கிலி நடுவழியில் அறுந்தால் தள்ளிக்கொண்டு வீடு சேர்வோம். ஆனால் போர்க்களத்தில் நிற்கும் ஒருவனின் துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டால், அந்தக் குறையை அவன் திரும்பி வந்து யாரிடமும் சொல்ல முடியாமலே போகலாம்.

இன்று நாம் காணப்போவது அரைத் தானியங்கித் துப்பாக்கியின் வரலாறு. யார் வென்றார், யார் தோற்றார் என்பது நம் பேச்சன்று. அமெரிக்காவிலும் சோவியத் நாட்டிலும் ஜெர்மனியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வேலைக்காகப் பல பட்டறைகள் துப்பாக்கி செய்தன. ஒன்று நன்றாக உழைத்தது. மற்றொன்று அடிக்கடி சிக்கியது. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? இரும்பிலிருந்தா, அதைச் செய்த கையிலிருந்தா, அல்லது மேசை முன் அமர்ந்து உத்தரவு எழுதிய பேனாவிலிருந்தா? இதைத்தான் ஆராயப் போகிறோம்.

துப்பாக்கி தானே தோட்டா ஏற்றுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைவீரர்கள் சுமந்த துப்பாக்கி, கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற அமைப்பு உடையது. சுட்ட பின் வீரன் அதன் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுப்பான். வெற்று உறை வெளியே விழும். பிறகு முன்னால் தள்ளிக் கீழே அழுத்துவான்; புதுத் தோட்டா உள்ளே போய் அமரும். ஒவ்வொரு குண்டுக்கும் இந்த நான்கு அசைவுகளையும் கை செய்தாக வேண்டும்.

அரைத் தானியங்கியில் இவ்வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயும். ஆனால் அடுத்த குண்டுக்கு எல்லாம் ஆயத்தமாகிவிடும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி. அது வேறு வகை.

இதற்கான வலிமை எங்கிருந்து கிடைக்கிறது? வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது. அந்த வாயுவில் ஒரு சிறு பங்கைத் திருப்பி எடுத்து ஓர் உந்து தண்டைத் தள்ளச் செய்கிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் நம் கை தண்டைத் தள்ள, காற்று வெளியே போகிறது அல்லவா? இங்கே அதற்கு மாறாக வாயு தண்டைத் தள்ளுகிறது. தண்டு தாழ்ப்பாளைத் திறக்கிறது. வேறு சில துப்பாக்கிகளில், சுடும்போது பின்னோக்கி உதைக்கும் விசையே இவ்வேலைக்குப் பயன்படுகிறது.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கையால் இயக்கும் துப்பாக்கியில் மண் புகுந்தால் வீரன் இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பான். வாயுவால் இயங்கும் துப்பாக்கிக்கு அளந்து வைத்த பலம் மட்டுமே உண்டு. பலம் குறைந்தால் தாழ்ப்பாள் பாதியில் நிற்கும். மிகுந்தால் உறுப்புகள் உடையும். வாயுவோடு கரியும் வருகிறது. அக்காலத்துத் தோட்டாக்களின் பற்றுமருந்து துருப்பிடிக்க வைக்கும் உப்பையும் விட்டுச் சென்றது. ஆகவே அழுக்கு, துரு, மழை, மணல் ஆகிய நான்கும் இத்துப்பாக்கியின் முதல் பகைவர்கள்.

மெக்சிகோ நாட்டின் படை அதிகாரி மானுவேல் மொண்டிராகோன் வடிவமைத்த துப்பாக்கியை அந்நாடு 1908ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அதைச் செய்து தந்தது சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம். முதல் உலகப் போரில் அவற்றுள் ஒரு பகுதி ஜெர்மானியர் கைக்கு வந்தது. பதுங்கு குழிகளின் சேற்றை அத்துப்பாக்கி தாங்கவில்லை. ஆகவே சேறு எட்டாத இடத்தில், வானூர்தியில் பறப்போருக்கு அதைக் கொடுத்தார்கள். 1917ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையும் ஓர் அரைத் தானியங்கியைக் களத்திற்கு அனுப்பியது. நீளமும் எடையும் மிகுதி. துடைத்துச் சுத்தம் செய்வதும் கடினம். குறைகளைக் களைந்து குட்டையான மாதிரி ஒன்றை 1918இல் வகுத்தார்கள். அது படைகளின் கைக்குப் போய்ச் சேருமுன் போரே முடிந்துவிட்டது.

ஏழாவது தோட்டாவின் கதை

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1888ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் கேரண்ட். சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, பஞ்சாலையில் வேலை பார்த்து, இயந்திரத் தொழில் கற்றவர். 1919 முதல் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரிலிருந்த அரசு ஆயுதப் பட்டறையில் பணியாற்றினார். பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு 1936 ஜனவரியில் அவருடைய துப்பாக்கியை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. எம்-1 என்பது அதன் பெயர். எட்டுத் தோட்டாக்கள் கொண்ட கவ்வியை மேலிருந்து அழுத்தி ஏற்றுவார்கள்.

ஏற்றுக்கொண்ட எம்-1 குறையில்லாத துப்பாக்கியாக இருந்ததா? இல்லை. முதலில் செய்தவற்றில், குண்டு குழலின் வாயைத் தாண்டிய பிறகே வாயுவைப் பிடித்தார்கள். குழல்வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, அதில் தேங்கும் வாயுவைத் திருப்பினார்கள். இதனால் குழலில் துளை போட வேண்டியதில்லை. ஆனால் அந்த மூடியில் கரி படிந்தது. அது தளர்ந்தால் அதன் மேலிருந்த குறிமுள்ளும் அசைந்தது. குத்துக்கத்தியை மாட்டினாலும் உறுதி போதவில்லை. 1939இல் இம்முறையைக் கைவிட முடிவு செய்து, 1940இல் குழலிலேயே ஒரு சிறு துளையிட்டு வாயுவை எடுக்கத் தொடங்கினார்கள். பழைய முறையில் அதற்குள் ஏறத்தாழ 50,000 துப்பாக்கிகள் செய்து முடிந்திருந்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் திரும்ப அழைத்து மாற்றியமைத்தார்கள். செலவுதான்; ஆனாலும் செய்தார்கள்.

அடுத்து வந்த குறைதான் நம் தலைப்பில் உள்ள ஏழாவது தோட்டா. கேரண்டின் மாதிரிப் பட்டறையில் கைத்தொழிலாளர் செய்த துப்பாக்கிகள் ஒழுங்காகச் சுட்டன. அதே வரைபடத்தைக் கொண்டு பெரிய இயந்திரங்களில் ஆயிரக்கணக்கில் செய்தபோது ஒரு விந்தை நேர்ந்தது. முதல் ஆறு தோட்டாக்கள் சரியாக ஏறின. ஏழாவது மட்டும் அவ்வப்போது நிலை தவறி நின்றது. வடிவமைப்பில் தவறா? தோட்டாவில் தவறா? தேடினார்கள். மாதிரித் துப்பாக்கியையும் ஆலைத் துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. தோட்டாக் கவ்விக்கு வழிகாட்டும் ஒரு சிறு விளிம்பு துப்பாக்கியின் உட்புறத்தில் இருந்தது. ஆலையில் வெட்டும் உளி தடையின்றிச் சென்று வர வேண்டும் என்பதற்காக அந்த விளிம்பின் நுனியைக் கொஞ்சம் சீவிவிட்டிருந்தார்கள். வேலை எளிதாயிற்று, ஏழாவது தோட்டா சாயத் தொடங்கிற்று.

இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், நேயர்களே. சீவியவர் கெட்டவர் அல்லர். விரைவாக வேலை முடிய வேண்டும் என்று நினைத்த ஒரு நல்ல தொழிலாளிதான். அந்த விளிம்பு எதற்காக இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. காரணம் கண்டபின், உளியின் வழியை மாற்றினார்கள். முன்பு செய்தவற்றில் விளிம்பைப் பற்றவைத்து நீட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மாதிரித் துப்பாக்கியும் ஏட்டுச் சுரைக்காய் போன்றதே. ஆயிரக்கணக்கில் செய்து, அயலார் கையில் கொடுத்துப் பார்த்த பிறகே அதன் உண்மை விளங்கும்.

போட்டியாளரும் மழையும்

எம்-1 துப்பாக்கிக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். மெல்வின் ஜான்சன் என்னும் அவர் வழக்கறிஞர். கடற்படை வீரர்களின் துணைப்படையில் அதிகாரி. உதைவிசையால் இயங்கும் துப்பாக்கியை அவர் வகுத்தார். சுடும்போது அதன் குழலே சிறிது பின்னால் நகரும். 1940ஆம் ஆண்டில் எது சிறந்தது என்ற வாதம் நாடாளுமன்றம் வரை சென்றது, பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. கேரண்ட் துப்பாக்கியின் குறைகள் எல்லார் காதிலும் விழுந்தன. பட்டறைக்கு அது இனிமையான காலம் அன்று. ஆனால் அந்த இரைச்சலால் தீங்கு விளையவில்லை, நன்மையே விளைந்தது.

1940ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கடல்சார் தரைப்படை கலிபோர்னியாவில் சோதனை நடத்தியது. கேரண்ட், ஜான்சன், வின்செஸ்டர் ஆகிய மூன்று அரைத் தானியங்கிகளும் பழைய தாழ்ப்பாள் துப்பாக்கியும் அதில் கலந்துகொண்டன. சேற்றிலும் மணலிலும் உப்பு நீரிலும் போட்டு எடுத்துச் சுட்டார்கள். கடுஞ்சோதனைகளில் பழைய துப்பாக்கியே உறுதியாக நின்றது. மூன்று புதியவற்றுள் கேரண்டே முந்தியது. 1941இல் அப்படையும் அதை ஏற்றுக்கொண்டது.

ஜான்சன் துப்பாக்கியின் இடர் எது? குழல் நகர்வதால், அதன் நுனியில் கனமான குத்துக்கத்தியை மாட்டினால் இயக்கம் தடுமாறும். ஆகவே ஊசி போன்ற மெல்லிய முள் ஒன்றையே அதற்குத் தந்தார்கள். இந்தத் துப்பாக்கிக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அன்றைய டச்சுக் கிழக்கிந்தியா, அதாவது இன்றைய இந்தோனேசியா, தன் படைக்காக இதை வாங்க முன்வந்தது. ஆனால் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச் மாதத்தில் ஜாவாவும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. மிகச் சிலவே வந்து சேர்ந்திருந்தன. எஞ்சியவற்றுள் ஒரு பகுதியை அமெரிக்கக் கடல்சார் தரைப்படை எடுத்துப் பயன்படுத்தியது.

எம்-1 துப்பாக்கியின் சோதனைகள் அத்தோடு முடியவில்லை. விடாத மழையில் நனைந்து எண்ணெய் கழுவிப் போனால் தாழ்ப்பாள் இறுகுவதைக் கண்டார்கள். தண்ணீரில் கரையாத மசகு ஒன்றைத் தேர்ந்து, சிறு டப்பியில் அடைத்து வீரனிடமே கொடுத்தார்கள். துப்பாக்கியின் பின்கட்டையில் அதை வைத்துக்கொள்ளவும் இடம் செய்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு அன்று; ஒரு டப்பி மசகுதான். ஆனால் அந்த டப்பி உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பயிற்சி இல்லாத கை

சோவியத் நாட்டில் பியோதர் தொக்காரெவ் வகுத்த அரைத் தானியங்கி 1939இல் படைக்கு வந்தது. அந்த ஆண்டின் குளிர்காலத்திலேயே பின்லாந்துப் போரில் அது சோதிக்கப்பட்டது. நீளம், எடை, பராமரிப்புச் சிக்கல் என்று முறையீடுகள் குவிந்தன. 1940இல் திருத்திய மாதிரி வெளிவந்தது. அதில் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. குளிருக்கு ஓர் அளவு, அழுக்குக்கு ஓர் அளவு என்று வீரன் மாற்றிக்கொள்ளலாம்.

அறிந்தவனுக்கு அந்தத் திருகு உதவி; அறியாதவனுக்கு அதுவே உபத்திரவம். 1941இல் ஜெர்மனி படையெடுத்தபோது பயிற்சி பெற்ற வீரர்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர், சிறைப்பட்டனர். சில வாரப் பயிற்சியோடு வந்த புதியவர்களுக்கு இத்துப்பாக்கி கடினமாக இருந்தது. கடற்படையிலிருந்து வந்த தரைவீரர்கள், இயந்திரப் பழக்கம் உள்ளவர்கள், அதையே நன்றாகப் பயன்படுத்தினார்கள். மொத்தம் ஏறத்தாழ 16 இலட்சம் செய்த பிறகு உற்பத்தியைக் குறைத்து, பழைய தாழ்ப்பாள் துப்பாக்கியையும் எளிய கைத்துமுக்கியையும் பெருக்கினார்கள். ஒரே துப்பாக்கி ஒரு கையில் நம்பகமானது. மற்றொரு கையில் நம்ப முடியாதது. குறையில் பயிற்சிக்கும் பங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது.

கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவரும் படியாதவரும்

ஜெர்மனியில் நடந்தது நமக்கு மிகவும் பாடமானது. 1940ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் ஆயுத அலுவலகம் ஓர் அரைத் தானியங்கி கேட்டது. கேட்டதோடு நில்லாமல் நிபந்தனைகளும் விதித்தது. வாயு எடுப்பதற்காகக் குழலில் துளையிடக் கூடாது. சுடும்போது துப்பாக்கியின் வெளிப்புறத்தில் எந்த உறுப்பும் அசையக் கூடாது. தானியங்கி அமைப்பு பழுதானால் பழைய துப்பாக்கியைப் போலக் கையால் இயக்க வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனையின் பின்னும் ஓர் அச்சம் இருப்பதைக் காண்கிறோம். துளையிட்டால் குழல் கெடுமோ? உறுப்பு அசைந்தால் மண் புகுமோ? பழுதானால் வீரன் என்ன செய்வான்? அச்சங்கள் நியாயமானவையே. ஆனால் அவற்றைச் சோதித்துப் பாராமல் சட்டமாக எழுதிவிட்டார்கள்.

மௌசர், வால்தர் என்னும் இரு நிறுவனங்கள் துப்பாக்கி செய்தன. புகழ் பெற்ற மௌசர் மூன்று நிபந்தனைகளையும் அப்படியே கடைப்பிடித்தது. விளைவு, சிக்கலும் கனமும் மிகுந்த ஒரு துப்பாக்கி. 6,673 செய்த நிலையில் உற்பத்தி நின்றது; அவற்றில் 1,673 பயன்படா என்று திரும்பி வந்தன. வால்தர் நிறுவனமோ கடைசி இரண்டு நிபந்தனைகளைத் துணிந்து ஒதுக்கியது. ஆகவே அதன் துப்பாக்கி ஓரளவு எளிதாக அமைந்தது. படையும் அதையே தேர்ந்தது.

ஆனால் முதல் நிபந்தனையை வால்தரும் மீறவில்லை. இரு துப்பாக்கிகளும் குழல்வாயில் மூடி வைத்து வாயுவைப் பிடித்தன. அமெரிக்கர் கைவிட்ட அதே முறை! கரி படிந்தது, துரு அரித்தது, குழல்வாய் கனத்தது. கிழக்குப் போர்முனையின் சேற்றிலும் பனியிலும் அந்த வீரர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. அதே போர்முனையில் சோவியத் வீரர்களிடம் கைப்பற்றிய தொக்காரெவ் துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தார்கள். குழலில் துளையிட்டு, குறுகிய உந்து தண்டால் இயங்கும் எளிய அமைப்பு அதில் இருந்தது. 1943இல் வால்தர் அந்த அமைப்பைத் தழுவிப் புதிய துப்பாக்கி செய்தது. அது எடை குறைந்தது, செய்வதற்கும் எளிது. ஏறத்தாழ 4 இலட்சம் செய்தார்கள். அலுவலகத்தின் முதல் நிபந்தனை இவ்வாறு பகைவரின் பட்டறையால் மாறியது.

புதிய துப்பாக்கியிலும் குறை இல்லாமற் போகவில்லை. வாயுவின் பலம் தேவைக்கு மிஞ்சி இருந்ததால் உறுப்புகள் அடிபட்டுத் தேய்ந்தன. அதைச் செய்தவர்கள் யார் என்பதையும் நாம் அறிய வேண்டும். நாயன்காம்மெ வதைமுகாமில் வால்தர் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. புகென்வால்ட் முகாமில் குஸ்ட்லோப் நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. பட்டினியிலும் அடியிலும் வாடிய கைதிகள் அங்கே துப்பாக்கி உறுப்புகளைச் செய்தார்கள். ஸ்பிரிங்பீல்டில் ஏழாவது தோட்டா ஏன் சாய்கிறது என்று வாய்திறந்து கேட்க முடிந்தது. முகாமில் ஒரு கைதி, இந்த உறுப்பு சரியில்லை என்று வாய்திறந்தால் நாசவேலை செய்தான் என்று உயிரை எடுத்துவிடுவார்கள். அத்தகைய இடத்தில் குறை வெளிவருமா?

ஒரே வரைபடம், பல ஆலைகள்

ஒரே வரைபடத்தைக் கொண்டு பல ஆலைகள் செய்தாலும் வேறுபாடு வருகிறது. எம்-1 துப்பாக்கியைப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்பீல்டும் வின்செஸ்டரும் செய்தன. ஸ்பிரிங்பீல்டு சிறு சிறு திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்துக்கொண்டே வந்தது. வின்செஸ்டரோ தொடக்கத்தில் அமைத்த உறுப்புகளை நெடுங்காலம் மாற்றாமல் செய்தது. கொரியப் போர்க் காலத்தில் டிராக்டர் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்திடமும் இவ்வேலையை ஒப்படைத்தார்கள். பெரிய ஆலை, திறமையான தொழிலாளர். ஆயினும் துப்பாக்கியின் நுண்ணிய அளவுகள் பழக்கமில்லை. முக்கியமான உடற்பகுதியையே பிற ஆலைகளிடமிருந்து பெற்றுத்தான் அந்நிறுவனம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது.

நம் நாட்டில் மூத்தவர்கள் எஸ்.எல்.ஆர். என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். பெல்ஜியத்தின் எப்.என். நிறுவனம் வகுத்த அரைத் தானியங்கியைப் பிரிட்டன் 1950களில் தன் அளவுகளுக்கு மாற்றிச் செய்தது. 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தில் போர்னியோக் காடுகளில் வீரர்கள் சுமந்தது இதுவே. மணலும் அழுக்கும் ஒதுங்கி நிற்பதற்காக அதன் தாழ்ப்பாள் தாங்கியில் கோணல் கோணலாகப் பள்ளம் வெட்டினார்கள். நல்ல திருத்தம். ஆனால் அங்குல அளவில் செய்ததன் தோட்டாப் பெட்டி, மீட்டர் அளவில் செய்த பெல்ஜியத் துப்பாக்கியில் பொருந்தாது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் சட்டை மற்றொன்றுக்குச் சேராது. நட்பு நாடுகள் ஒரே தோட்டாவை ஏற்றுக்கொண்டன. ஆனால் அதை வைக்கும் பெட்டியில் ஒத்துப் போகவில்லை.

மறந்துபோன பாடம்

இத்தனையும் கற்ற அமெரிக்கா 1960களில் மீண்டும் அதே பள்ளத்தில் விழுந்தது. யூஜின் ஸ்டோனர் வகுத்து கோல்ட் நிறுவனம் செய்த எம்-16, அரைத் தானியங்கியாகவும் முழுத் தானியங்கியாகவும் சுடக்கூடியது. எடை குறைவு. அதில் உந்து தண்டு இல்லை. வாயு மெல்லிய குழாய் வழியே நேராகத் தாழ்ப்பாள் தாங்கிக்குச் செல்லும். ஆகவே வெடிமருந்தின் தன்மை அதற்கு மிக முக்கியம். சோதனையில் பயன்படுத்திய மருந்தோடு அது நன்றாக உழைத்தது.

1964இல் படை அதிகாரிகள் தோட்டாவுக்குள் வேறு வகை மருந்தைப் போட ஒப்பினார்கள். இயக்கம் வேகமாயிற்று; அழுக்கும் கூடியது. தோட்டா அமரும் அறைக்குத் துருப்பிடிக்காத குரோமியப் பூச்சு இல்லை. வியட்நாமின் மழையும் ஈரமும் நமக்குத் தெரிந்தவைதாமே! அறை துருப்பிடித்து, சுட்ட உறை உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதை வெளியே தள்ள ஒரு நீளக் கம்பி வேண்டும். துடைக்கும் கம்பியும் சாமான்களும் பலருக்குக் கிடைக்கவில்லை. இத்துப்பாக்கியைத் துடைக்கவே வேண்டாம் என்ற பேச்சும் பரவியிருந்தது. துப்பாக்கியைப் பிரித்து வைத்துக்கொண்டு சிக்கிய உறையை எடுக்க முயன்ற நிலையிலேயே இறந்து கிடந்தவர்களைப் பற்றி, உயிர் பிழைத்தவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பெற்றோர் அக்கடிதங்களைத் தங்கள் பிரதிநிதிகளிடம் கொண்டு சென்றனர்.

1967இல் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. மருந்தை மாற்றியதும், அதன் விளைவு தெரிந்த பிறகும் காலம் தாழ்த்தியதும் குற்றத்துக்கு ஒப்பான அலட்சியம் என்னும் அளவுக்கு அக்குழு கடிந்துரைத்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு வந்தது; துடைக்கும் சாமான்கள் வந்தன. வில் ஐஸ்னர் என்னும் சித்திரக் கலைஞரைக் கொண்டு, துப்பாக்கியைப் பேணும் முறையைப் படக்கதைப் புத்தகமாகவே செய்து 1960களின் இறுதியில் வீரர்களுக்கு வழங்கினார்கள். பாடநூலில் படம் இருந்தால் பிள்ளைக்கு மனத்தில் பதியும் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு வியப்பில்லை. திருந்திய எம்-16 பிறகு பல நாடுகளில் நெடுங்காலம் உழைத்தது. 1967இல் தொடங்கிய ஓர் ஆலை அதைச் சிங்கப்பூரிலேயே உரிமம் பெற்றுச் செய்தது. தேசிய சேவைக்குச் சென்ற நம் பிள்ளைகள் பலர் அதைச் சுமந்திருக்கிறார்கள்.

நாம் கற்பது என்ன?

இத்தனை கதைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். எம்-1 முதலில் குறையுள்ளதாகவே பிறந்தது. மௌசர் துப்பாக்கியும் குறையோடு பிறந்தது. எம்-16 நல்லதாகவே பிறந்து, பிறகு குறையுள்ளதாக ஆக்கப்பட்டது. ஆகவே பிறவிக் குறையைக் கொண்டு ஒரு கருவியின் முடிவைச் சொல்ல முடியாது. குறையைக் கண்டவர் வாய்திறக்க முடிந்ததா, சொன்னதை மேலிருந்தவர் கேட்டாரா, கேட்டபின் செய்தவற்றையும் திரும்ப அழைத்துத் திருத்தினாரா என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்தது. எம்-1 துப்பாக்கியில் இம்மூன்றும் சில ஆண்டுகளுக்குள், போர் தங்கள் நாட்டை எட்டுமுன் நடந்தன. எம்-16இல் கடிதங்கள் நாடாளுமன்றம் சேரும்வரை நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்துக்கு விலையாகப் போனவை இளைஞர்களின் உயிர்கள்.

துப்பாக்கி செய்யும் வேலை நம்மில் பெரும்பாலோர்க்கு வராது, வரவும் வேண்டாம். ஆனால் தொழிற்சாலைக்குச் செல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. லாரியின் பிரேக்கையும், மின்கம்பியின் உறையையும், மருந்துப் புட்டியின் மூடியையும் அவர்கள் கை செய்கிறது. வரைபடத்தில் உள்ள ஒரு சிறு விளிம்பு எதற்காக என்று தெரியாவிட்டால் சீவுமுன் கேட்கும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவோம். அவர்களே நாளை மேற்பார்வையாளர் ஆகும்போது, குறை சொல்லி வரும் தொழிலாளியை விரட்டாமல் உட்காரவைத்துக் கேட்கும் பொறுமையையும் ஊட்டுவோம். வகுப்பறையில் கைதூக்கிக் கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்காமல் இருப்பதே அதற்கு முதற்படி.